தெளிவுக் குழு: புத்தி சொல்லத் தடை உள்ள ஆலோசனைக் கூட்டம்

பெரிய முடிவு ஒன்றின் முன்னால் தவித்து நிற்கிற விசுவாசிக்கு நம் சபைகளில் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் அவர் பேசி முடிக்கும் முன்பே "நீங்க இப்படிச் செய்யுங்க" என்று பதில் வந்துவிடுகிறது. "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்" (நீதிமொழிகள் 18:13). இந்த வசனத்தை ஒரு முறையாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள், மௌன ஆராதனைக்குப் பேர்போன குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். தெளிவுக் குழு என்பது அதன் பெயர். ஆரம்பத்தில், மணமுடிக்க வரும் இருவருக்கும் வேறு தடை ஏதும் இல்லையா என்று சபை விசாரித்ததிலிருந்து வளர்ந்தது. இன்று வேலை, ஊழியம், குடும்பம் என எதற்கும் கூட்டுகிறார்கள்.

முடிவெடுக்க வேண்டியவரே ஐந்தாறு பேரைத் தேர்ந்தெடுக்கிறார். பிரச்சினை என்ன, அதன் பின்னணி என்ன, இனி எப்படிப் போகும் என்று மனதுக்குப் படுகிறது ஆகிய மூன்றையும் நாலைந்து பக்கத்தில் எழுதி முன்கூட்டியே அவர்களுக்குக் கொடுக்கிறார். இந்தப் படியை விடவே கூடாது. எழுதும்போதே பாதிச் சிக்கு பிரியும். எழுதாமல் வந்தால் முதல் ஒரு மணி நேரம் நடந்ததை விவரிப்பதிலேயே போய்விடும். ஒருவர் கூட்டத்தை நடத்துவார், ஒருவர் குறிப்பெடுப்பார். இரண்டு மணி நேரமாவது வேண்டும், மூன்று ஒதுக்கினால் நல்லது.

சற்று நேர மௌனத்துக்குப் பிறகு கேள்விகள் மட்டுமே. அறிவுரை, சாட்சி, "எனக்கும் இப்படித்தான் ஆச்சு" எதுவும் கூடாது. சறுக்குவது இங்கேதான். வங்கி வேலையை விட்டு இறையியல் கல்லூரிக்குப் போகலாமா என்று யோசிக்கிறவரிடம், "ரெண்டு வருஷம் பொறுத்துப் போகலாமே, யோசிச்சீங்களா?" என்பது கேள்விக்குறி போட்ட அறிவுரை. "வேலையை விட்ட மறுநாள் காலையை நினைத்தால் முதலில் என்ன தோன்றுகிறது?" என்பது கேள்வி. கேட்கிறவருக்கே பதில் தெரிந்திருந்தால் அதைக் கேட்கக் கூடாது. பதில் வந்ததும் அடுத்த கேள்வியை எறியாமல் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் அவரே எதிர்பாராத வார்த்தை வெளியே வரும். "மனுஷனுடைய இருதயத்திலுள்ள யோசனை ஆழமான தண்ணீர்போலிருக்கிறது, புத்திமானோ அதை மொண்டெடுப்பான்" (நீதிமொழிகள் 20:5). மொள்ளுவது என்ற அந்தச் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான செயல்முறை வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

கடைசிக் கால் மணி நேரம், அவர் சம்மதித்தால், அவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்லலாம்: "கல்லூரி பற்றிப் பேசும்போது உங்க குரல் தாழ்ந்தது." அதற்குப் பொருள் சொல்லக் கூடாது.

எல்லாவற்றுக்கும் இது ஆகாது. வீட்டில் அடி வாங்குகிறவருக்கும், உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கிறவருக்கும் கேள்விகள் போதாது. உடனே பாதுகாப்பும் மருத்துவரும் வேண்டும். வீட்டுக் கடன் வட்டிக் கணக்குக்கு விவரம் தெரிந்த ஒருவர் போதும். சில நேரம் நேராகச் சொல்வதே அன்பு. மாமனார் எத்திரோ மோசேயிடம் கேள்வி கேட்டுவிட்டு, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று முகத்துக்கு முன் சொன்னார், வழியும் காட்டினார் (யாத்திராகமம் 18). அறிவுரைக்கு முழுத் தடை என்பதில் அந்த வாசல் அடைபட்டுப் போகிறது. இந்த முறையின் பெரிய குறை இதுதான்.

நம் சபைகளில் நடத்தினால், குழுவில் நெருங்கிய உறவினரைச் சேர்க்காதீர்கள். முடிவால் லாபமோ நட்டமோ அடைகிறவர் திறந்த மனதோடு கேட்க முடியாது. போதகர் இருக்கலாம், ஆனால் கூட்டத்தை வேறொருவர் நடத்தட்டும். அவர் நடத்தினால் எல்லாக் கண்களும் அவர் முகத்தையே பார்க்கும். எடுத்த குறிப்புகள் முழுவதும் உரியவர் கைக்குப் போய்விட வேண்டும். கூட்டத்தில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் புரியும். அவரிடமே அந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது என்பதுதான் மறந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில், "என்ன முடிவு பண்ணீங்க?" என்று ஒருவர் கேட்டாலே போதும், அடுத்த முறை அவர் யாரையும் கூப்பிட மாட்டார்.