ஆறு பேர் டன்னல் டெண்ட், மூணு கோடை ஏரிக்கரைல போட்டதுக்கப்புறம் ஒரு ரிவியூ

வாங்கி ஒரு வாரத்துலயே டெண்டைப் பத்தி எழுதறதுல அர்த்தமே இல்ல, ஒரு நல்ல மழை பாக்கணும், ஒரு காத்து பாக்கணும், ஒரு தடவை ஈரத்தோட மடிச்சு எடுத்துட்டுப் போகணும். மூணு கோடை முடிஞ்சாச்சு, இப்ப சொல்றேன்.

டன்னல் மாடல், அதாவது சுரங்கப்பாதை மாதிரி நீளமா இருக்கும். பின்னாடி ரெண்டு தூங்கற ரூம், முன்னாடி ஒரு ஹால் மாதிரி இடம், அங்க நிமிர்ந்து நிக்கலாம். இதே டிசைன்ல நிறைய கம்பெனி விக்கறாங்க, அதனால பேரு போடல, எதை வாங்கினாலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

முதல் விஷயம், ஆறு பேர்னு போட்டிருந்தா நாலு பேர்னு படிச்சுக்கோங்க. நாங்க ஆறு பேர்: நான், இவரு, ரெண்டு புள்ளைங்க, அப்பா, அப்பாவோட அக்கா, அதாவது எங்க அத்தை, முதல் ட்ரிப்ல அவங்களுக்கு 78 வயசு. ஆறு பேரும் உள்ள படுத்தா பை எல்லாம் ஹாலுக்கு வந்துரும், ஹால் போச்சுன்னா இந்த டெண்டை வாங்கினதுக்கே பிரயோஜனம் இல்ல. ரெண்டாவது நாளே புள்ளைங்களுக்கு தனியா ஒரு சின்ன டெண்ட் போட்டுக் கொடுத்தோம், அதுக்கப்புறம்தான் நிம்மதி.

போடறது ஈஸிதான், ரெண்டு பேர் இருந்தா அரை மணி நேரம். இதுல வெளித்துணி முதல்ல நிக்கும், உள்ரூம் அதுல தொங்கும், அதனால மழைல போட்டாலும் உள்ள நனையாது. ஆனா டன்னல் டெண்ட் தானா நிக்காது, முளை அடிச்சாதான் நிக்கும். ஏரிக்கரை மணல்ல, டெண்டோட சேர்ந்து வர்ற மெல்லிசு கம்பி முளை பிடிக்கவே பிடிக்காது, நீளமா அகலமா இருக்கற மணல் முளை தனியா வாங்கணும், இதை வாங்கும்போதே சேத்து வாங்கிடுங்க. அப்புறம் பின்பக்கத்தை காத்து வர்ற பக்கமா வச்சுப் போடணும், அகலமான பக்கத்துல காத்து வாங்கினா கம்பி வளைஞ்சு உயிரை எடுத்துரும்.

இன்னொண்ணு, ஏரி நல்லா தெரியணும்னு தண்ணி ஓரமா போடாதீங்க ப்ளீஸ். நாங்க முதல் வருஷம் அதான் பண்ணோம். ராத்திரி குளிர்ந்த காத்து பள்ளத்துலதான் வந்து தங்கும், ஈரமும் அங்கதான், கொசுவும் அங்கதான். குறைஞ்சது 60 மீட்டர் தள்ளிப் போடணும்னு கேம்பிங் பண்றவங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க, தண்ணி குடிக்க வர்ற மிருகத்துக்கு நாம குறுக்க இருக்கக் கூடாது, நம்ம அழுக்கும் ஏரில கலக்கக் கூடாது, அதுக்குத்தான். கொஞ்சம் மேடா, மர நிழலா பாருங்க, ஆனா காஞ்ச கிளை தொங்கற மரத்துக்கு அடில வேணாம்.

முதல் காலைல மேல இருந்து சொட்டு சொட்டா விழுந்துது, ஒழுகுதுன்னு நினைச்சு திருப்பி அனுப்பறதுக்கு டப்பாவைத் தேட ஆரம்பிச்சுட்டேன். பாத்தா ராத்திரி மழையே பெய்யல! எல்லாம் எங்க மூச்சுக் காத்துதான், வெளித்துணி குளிர்ந்து போய் உள்பக்கம் வேர்த்திருக்கு. மேல இருக்கற ரெண்டு காத்து ஜன்னலையும் ராத்திரி பூரா திறந்து வச்சா பாதிக்கு மேல சரியாயிடும். குளிருதேன்னு அடைச்சு வைக்காதீங்க, அடுப்பு, கரி, எதையும் உள்ள கொண்டு வராதீங்க, அணைஞ்ச மாதிரி தெரியற கரி கூட வேணாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே ஆளை முடிச்சுரும்.

இப்ப ஹால். நான் இந்த ரிவியூ எழுதறதே இதுக்காகத்தான்.

ரெண்டாவது கோடை, மத்தியானம் பிடிச்ச மழை இருட்டற வரைக்கும் விடல. வெளித்துணி 3000 மில்லிமீட்டர், அதாவது அவ்ளோ உயரத் தண்ணியோட அழுத்தத்தை தாங்கும்னு அர்த்தம், அன்னைக்கு ஒரு சொட்டு உள்ள வரல. ஆறு பேரும் ஹால்ல, போன் சிக்னல் இல்ல, ஏரில மழை விழறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். சும்மா இருக்க முடியாம என் பொண்ணு நோட்டை எடுத்து குடும்ப மரம் போட ஆரம்பிச்சா. நான் அவளுக்கு ஒரு பழைய நம்பர் முறை சொல்லிக் கொடுத்தேன், 1590லயே வந்த முறை, ஜெர்மன்ல ஆனன்டாஃபெல்னு பேரு: நீ 1, எந்த ஆளா இருந்தாலும் அவங்க நம்பரை ரெண்டால பெருக்கினா அவங்க அப்பா, அதோட ஒண்ணு கூட்டினா அவங்க அம்மா. அப்ப நான் 3, எங்க அப்பா 6, எங்க தாத்தா 12. தாத்தாவோட அம்மா 25. அங்க வந்து நின்னுட்டா. பேரு என்னன்னு அத்தைகிட்ட கேக்கறா, அத்தை யோசிக்கறாங்க, யோசிக்கறாங்க, "அப்பாயின்னுதான் கூப்பிட்டோம் கண்ணு, அப்பாயிக்கு ஒரு பேரு இருக்கும்னு நான் நினைச்சுப் பாத்ததே இல்லையே"ன்னாங்க. அவங்க மடிலதான் அத்தை வளந்தாங்களாம்.

அதுலேர்ந்து பேச்சு போச்சு பாருங்க. தாத்தாவுக்கு ஒரு அண்ணன் இருந்தாராம், நிலத் தகராறுல பேச்சு நின்னு போயி அந்தக் குடும்பமே தனியாப் போயிடுச்சாம். எங்க அப்பாவுக்கு 70 வயசு, அவருக்கே இது தெரியாது. "ஏன்க்கா சொல்லல"ன்னு கேட்டாரு. "நீ எப்பத் தம்பி கேட்ட, எங்க நேரம் இருந்துச்சு நமக்கு"ன்னாங்க. வீட்டுல இந்தப் பேச்சு வந்திருக்காது, டிவி ஓடும், யாராச்சும் எழுந்து போவாங்க. இங்க எழுந்து போறதுக்கு இடமே இல்ல.

நான் போன்ல ரெக்கார்ட் போட்டேன், அதுலதான் பெரிய ஏமாத்தம். பாலியஸ்டர் துணில மழை தப்படிக்கற மாதிரி விழுது, திருப்பிக் கேட்டா பாதி பேச்சு காணோம். காட்டன் கலந்த டெண்ட்ல சத்தம் கம்மி, ஆனா தூக்க முடியாத வெயிட். நீங்க செய்யறதா இருந்தா போனை பேசறவங்க மடில ஒரு மடிச்ச துண்டு மேல வையுங்க, வாய்க்கு ஒரு சாண் ரெண்டு சாண் தூரத்துல, நடுவுல தரைல வைக்காதீங்க. அன்னைக்கே ராத்திரி ஞாபகம் இருக்கறதை எழுதியும் வச்சிருங்க. மரத்தை கம்ப்யூட்டர்ல ஏத்தறதா இருந்தா ஃபேமிலிசர்ச்ங்கற வெப்சைட் இலவசம், ஆனா அது எல்லாருக்கும் பொதுவான ஒரே மரம், இறந்தவங்க விவரத்தை வேற யாரும் மாத்தலாம், அதனால ஜெட்காம்ங்கற (GEDCOM, குடும்ப மர விவரத்தை சேமிக்கற ஃபார்மேட்) ஃபைலா ஒரு காப்பி உங்ககிட்டயும் இருக்கட்டும், அந்த ஃபார்மேட் 1984லேர்ந்து இருக்கு, பெரும்பாலான குடும்ப மர சாஃப்ட்வேர்ல திறக்கும்.

குறை சொல்லணும்னா, மூணாவது கோடைல ஹாலுக்கு மேல ஒரு தையல் டேப் உரிஞ்சு நிஜமாவே ஒழுகிச்சு. கம்பெனிக்கு ரெண்டு தடவை எழுதியும் பதில் இல்ல, ரொம்ப வருத்தமா இருந்துச்சு. நானே தையல் பசை வாங்கிப் பூசினேன், பியூ (பாலியூரித்தேன்) கோட்டிங் துணிக்கு ஒரு பசை, சிலிகான் துணிக்கு வேற பசை, மாத்தி வாங்கினா ஒட்டாது, லேபிள் பாத்து வாங்குங்க. தப்பு கொஞ்சம் எங்க மேலயும் உண்டு, ஒரு தடவை ஈரத்தோட மடிச்சு நாலு நாள் டிக்கில விட்டுட்டோம், அப்படி விட்டா கோட்டிங் பிசுபிசுன்னு ஆயிடும், ஒரு வாடையும் வரும், அது போகவே போகாது. கம்பியும் ஃபைபர்தான், ஒண்ணு விரிசல் விட்டு கைல சிலாம்பு ஏறிச்சு. அலுமினியக் கம்பி மாடல் கிடைச்சா அதையே எடுங்க.

அந்த மூணாவது கோடைலதான் தாத்தாவோட அண்ணன் குடும்பம் வந்துச்சு. அப்பா ஒருத்தர் மூலமா ஒருத்தர்னு நாலு மாசம் போன் போட்டுப் பிடிச்சாரு. அஞ்சு பேர், சொந்த டெண்ட்டோட வந்தாங்க, ரெண்டு டெண்ட் வாசலையும் எதிரெதிரா வச்சு நடுவுல ஒரு தார்ப்பாய் கட்டினோம், பதினோரு பேரும் ஒரே ஹால் மாதிரி. அந்தப் பெரியப்பா பையிலேர்ந்து கவர்ல சுத்தின ஒரு சின்ன போட்டோ எடுத்தாரு. அத்தை பாத்த உடனே "அப்பாயி"ன்னுட்டு வேற பேசல. திருப்பினா பின்னாடி பென்சில்ல பேரு. என் பொண்ணு நோட்டை எடுத்து 25க்கு நேரா எழுதினா, அத்தை ஒவ்வொரு எழுத்தா சரி பாத்தாங்க.

வாசல்ல தரைத்துணி ஒரு விளிம்பு மாதிரி தூக்கி நிக்கும், வயசானவங்க தடுக்கிடுவாங்க, கொக்கியைக் கழட்டி கீழ மடிச்சு விடுங்க. அத்தைக்கு இப்ப 81, தரைல படுத்து எந்திரிக்க முடியல, மடக்குக் கட்டில் ஒண்ணு வாங்கியிருக்கோம். அது தூங்கற ரூமுக்குள்ள போகல, ஹால்லதான் போகுது. அங்கயே போடுன்னுட்டாங்க.