நிரம்பிப்போன ஹார்ட் டிஸ்க்கில் டிஃப்ராக்: என் பென்டியம் 4 அனுபவம்

2006-இல் டிடிபி வேலைக்காக வாங்கிய பென்டியம் 4 கம்ப்யூட்டர் இன்னும் என் கடையில் ஓடுகிறது. 512 எம்பி ராம், 80 ஜிபி ஐடிஇ ஹார்ட் டிஸ்க் (பட்டை கேபிளில் மாட்டும் பழைய வகை, விண்டோஸ் காட்டுவது 74.5 ஜிபி), விண்டோஸ் எக்ஸ்பி. பத்து வருஷத்துக் கல்யாணப் பத்திரிகைகள், கும்பாபிஷேக அழைப்பிதழ்கள், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பேஜ்மேக்கரில், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் செய்தவை. “அக்கா கல்யாணத்துக்கு அடிச்ச அதே மாடல்ல தம்பிக்கும் வேணும்ணே” என்று இப்போதும் ஆள் வருகிறது. அதனால் அந்த மெஷினை நான் விடவில்லை. இத்தனை வருஷத்தில் அதில் எத்தனையோ தடவை டிஃப்ராக், அதாவது டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் ஃபைல்களை ஒன்றாகச் சேர்த்து அடுக்குகிற வேலை, ஓட்டியிருக்கிறேன். பழைய மெஷினை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டிஸ்க் நிரம்பிவிட்டால் டிஃப்ராக் மருந்தே இல்லை, முதலில் இடம் பண்ண வேண்டும்.

2010 வாக்கில் சி டிரைவ் 19.5 ஜிபியில் 700 எம்பிதான் காலி. ஒரு ஃபைலை சேவ் பண்ணச் சொன்னால் டிஸ்க் கரகரவென்று அரைத்துக்கொண்டே இருக்கும், கஸ்டமர் எதிரில் உட்கார்ந்து மணியைப் பார்ப்பார். எக்ஸ்பியில் இருக்கும் டிஃப்ராக் ஒழுங்காக வேலை செய்ய 15 சதவீதம் காலி இடம் வேண்டும், அதாவது எனக்குக் கிட்டத்தட்ட 3 ஜிபி. அது எச்சரித்தது. நான் ‘பரவாயில்லை, ஓட்டு’ என்று கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் டிஸ்க்கின் நிலையைக் கலர் கோடுகளாகக் காட்டும் பட்டையில் சிவப்புக் கோடுகள் அப்படியே நிற்கின்றன. சிவப்பு என்றால் துண்டான ஃபைல், நீலம் ஒரே தொடர்ச்சியாக இருப்பது, பச்சை நகர்த்த முடியாதது, வெள்ளை காலி. வெள்ளை மயிரிழை மயிரிழையாகத்தான் தெரிந்தது. அடியில் ரிப்போர்ட்டைத் திறந்தால் அவுட்லுக் எக்ஸ்பிரஸின் இன்பாக்ஸ் ஃபைல் ஒன்று மட்டும் ஆயிரத்துச் சொச்சம் துண்டு. அந்த ஒரு வரியைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

நெல் மூட்டை அடுக்கிய குடோனை நினைத்துக்கொள்ளுங்கள். வாசல் வரைக்கும் மூட்டை, நடுவில் நான்கு மூட்டை வைக்கும் இடம் மட்டும் காலி. ஒரே ஆளுடைய இருபது மூட்டையை ஒரே இடத்தில் சேர்த்து அடுக்கு என்றால் எங்கே வைத்துப் புரட்டுவது? டிஃப்ராகும் அப்படித்தான். ஒரு ஃபைலைச் சேர்த்து வைக்க, அந்த ஃபைல் அளவுக்காவது ஒரே தொடர்ச்சியான காலி இடம் வேண்டும். அது இல்லாதபோது சில்லறை ஃபைல்களை மட்டும் இங்கும் அங்கும் நகர்த்திவிட்டுப் பெரியவற்றை விட்டுவிடும். இன்னொன்று, காலி இடமே துண்டு துண்டாக இருந்தால் அடுத்து நீங்கள் சேவ் பண்ணும் ஃபைல் பிறக்கும்போதே துண்டாகத்தான் பிறக்கும்.

சர்வீஸ் தம்பி வந்து பார்த்துவிட்டு “ஃபார்மட் அடிச்சிரலாம்ணே” என்றார். எனக்கு மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இடம் தேடினேன். கோளாறு வந்தால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் சிஸ்டம் ரெஸ்டோர் தன்பாட்டுக்கு டிரைவில் 12 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும், என் கணக்கில் 2.3 ஜிபி, அதைக் குறைத்தேன். ராமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு மெஷினை அணைக்கும் ஹைபர்னேட் வசதியை நிறுத்தியதில் ராம் அளவுக்கு, அதாவது 512 எம்பி, திரும்பி வந்தது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் பழைய அப்டேட்களின் அன்இன்ஸ்டால் ஃபோல்டர்கள் வரிசையாக இருந்தன. கோரல்டிரா ஒவ்வொரு டிசைனுக்கும் பேக்கப் காப்பி போட்டு வைத்திருந்தது, நான்கு வருஷத்தில் அதுவே ஒரு மலை. ஸ்கேன் பண்ணிய டிஃப் படங்களை டிவிடியில் எழுதிவிட்டு அழித்தேன். சாயங்காலம் 6 ஜிபி காலி. அன்றைக்கே, டிஃப்ராக் ஓட்டும் முன்னாலேயே, மெஷின் மூச்சுவிட ஆரம்பித்துவிட்டது.

அப்புறம்தான் டிஃப்ராக். அதற்கு முன் முக்கியமான ஃபைல்களை வெளியே காப்பி எடுத்தேன், டிஸ்க்கில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் செக்டிஸ்க் ஓட்டினேன். கெட்டுப்போகத் தொடங்கிய டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓடவிடுவது அதைச் சாகடிக்கிற வேலை, அதனால் இந்த இரண்டையும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. பேஜ்மேக்கர் திறக்க முக்கால் நிமிஷம் ஆனது இருபது வினாடிக்கு வந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எடுத்த கணக்குதான், ஆனால் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது.

இடம் பண்ண வழியே இல்லை என்கிறவர்களுக்கு ஒரு யோசனை. டிஃப்ராக்ளர் மாதிரி மென்பொருளில் ஒரே ஒரு ஃபைலை மட்டும் தேர்ந்தெடுத்து டிஃப்ராக் பண்ணலாம். 60 எம்பி மெயில் ஃபைலுக்கு 60 எம்பி தொடர்ச்சியான இடம் கிடைத்தால் போதும். முழு டிரைவையும் புரட்டுவதைவிட, தினமும் திறக்கிற நான்கு ஃபைலைச் சரிசெய்வது அந்த நேரத்துக்கு நல்ல பலன் கொடுத்தது.

பச்சையாகத் தெரிகிற பகுதியில் பேஜ்ஃபைல் (ராம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் ஃபைல்) இருக்கும். எக்ஸ்பி டிஃப்ராக் அதைத் தொடாது. நான் அதைத் தற்காலிகமாக டி டிரைவுக்கு மாற்றி, சி-யை டிஃப்ராக் பண்ணிவிட்டு, மறுபடி சி-யில் 768 எம்பி என்று ஒரே அளவாக நிர்ணயித்துவிட்டேன். அளவு கூடிக் குறையாததால் அதற்கப்புறம் அது துண்டாகவே இல்லை.

2012-இல் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்றே சொல்ல முடியாத காலம். யூபிஎஸ் பேட்டரி ஐந்து நிமிஷம் தாங்கினால் அதிகம். சி டிரைவ் என்டிஎஃப்எஸ் (டிஸ்க்கில் ஃபைல்களைப் பதிவு செய்து வைக்கும் ஒரு முறை) என்பதால், டிஃப்ராக் நடுவில் இரண்டு தடவை கரண்ட் போயும் ஒன்றும் ஆகவில்லை. புது இடத்தில் காப்பி எடுத்து முடித்த பிறகுதான் அது பழைய முகவரியை விடும். டி டிரைவ் ஃபேட்32, அதைவிடப் பழைய முறை. அங்கே ஒரு தடவை அகப்பட்டுக்கொண்டேன். செக்டிஸ்க் ஓடி முடிந்ததும் ஒரு ஃபோல்டர் நிறையப் பெயர் தெரியாத துண்டு ஃபைல்கள் மட்டும் கிடந்தன. அதில் ஒரு திருமண மண்டப ஆல்பம் போனது, அந்த வீட்டாரிடம் போய்ச் சொன்ன அந்த நாளை இன்னும் மறக்கவில்லை. அந்த வாரமே டி-யையும் என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றினேன், புது பேட்டரியும் போட்டேன்.

இன்னொரு விஷயம், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 2013-இல் மறுபடி மெஷின் படுத்தது. டிஃப்ராக் ரிப்போர்ட் சுத்தம், இடமும் இருக்கிறது, ஆனால் ஒரு பாட்டு ஓடினாலே மவுஸ் விட்டு விட்டு நகர்கிறது. டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனலைத் திறந்து பார்த்தால் டிஎம்ஏ (பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் டேட்டா போகும் வேகமான வழி) என்று இருக்க வேண்டிய இடத்தில் பிஐஓ (பழைய மெதுவான வழி) என்று இருக்கிறது. டிஸ்க்கைப் படிக்கும்போது பிழைகள் சேர்ந்துகொண்டே போனால் எக்ஸ்பி தானாகவே வேகத்தைக் குறைத்துக் கடைசியில் பிஐஓவில் கொண்டுபோய் நிறுத்திவிடும், அப்புறம் டேட்டாவைத் தூக்கிப் போடுகிற வேலை முழுக்க பிராசஸர் தலையில். பட்டை கேபிள் ஓரம் மடிந்து நைந்திருந்தது. புது கேபிள் மாட்டி, அந்த சேனலை அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் செய்தேன், பழைய வேகம் வந்துவிட்டது. நூறு தடவை டிஃப்ராக் ஓட்டியிருந்தாலும் இது சரியாகியிருக்காது.

2015-இல் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைச் சொல்லும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் மஞ்சள் எச்சரிக்கை காட்டியது, டிஸ்க்கில் படிக்க முடியாத செக்டர்கள் (சின்னச் சின்னப் பகுதிகள்) இருப்பதாக. அன்றோடு அந்த டிஸ்க்கில் டிஃப்ராக்கை நிறுத்திவிட்டேன். சென்னை ரிச்சி தெருவில் இன்னொரு 80 ஜிபி ஐடிஇ வாங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். தினசரி வேலைக்கு இப்போது எஸ்எஸ்டி போட்ட வேறு மெஷின் இருக்கிறது, அதில் இந்த மாதிரி டிஃப்ராக் தேவையில்லை. அங்கே தேடிப் போகும் முள்ளும் இல்லை, சுழலும் தட்டும் இல்லை, வீணாக எழுதி எழுதி ஆயுள்தான் குறையும்.

பழைய மெஷினில் நெட் கேபிளை 2014-இல் எக்ஸ்பி சப்போர்ட் முடிந்தபோதே கழற்றிவிட்டேன். சி டிரைவில் காலி இடத்தை 4 ஜிபிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அனலைஸ் மட்டும் கொடுத்துப் பார்ப்பேன். போன வாரம் பார்த்தேன், பட்டை முழுக்க நீலம், வலது ஓரத்தில் நல்ல அகலமாக வெள்ளை. இந்த டிரைவை டிஃப்ராக் செய்யத் தேவையில்லை என்று பெட்டி காட்டியது, மூடிவிட்டு அடுத்த பத்திரிகையைத் திறந்தேன்.