இயற்பியல் படிக்கும் மகளுக்கு ஆண்டுக்கு 12,000: மத்திய உதவித்தொகை வாங்கிய வீட்டின் மதிப்பீடு

ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் செய்வது என் தொழில். கூலி, கல் எண்ணிக்கைக்கு. ஐப்பசி, கார்த்திகையில் கல் காயாது, வருமானமும் ஈரம்தான். மூத்த மகள் காரைக்குடியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரி மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் ‘மத்தியத் துறை உதவித்தொகை’ அவளுக்குக் கிடைத்தது. எங்கள் பக்கத்தில் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். முதுநிலைக்குப் போனால் 20,000. குடும்ப வருமானம் 4.5 லட்சத்தைத் தாண்டக்கூடாது. பிளஸ் டூவில் தன் பிரிவில் முதல் இருபது சதவீதத்துக்குள்ளும் வந்திருக்க வேண்டும். நாடு முழுவதும் ஆண்டுக்கு 82,000 பேரைப் புதிதாகச் சேர்க்கிறார்கள். பாதி இடம் பெண்களுக்கு. அறிவியல், வணிகம், கலை என்று 3:2:1 கணக்கில் பிரிப்பதால் இயற்பியல் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சாதகம். ஆனால் ராத்திரி வரை கடையில் நின்றுவிட்டுப் படித்து, சுமாராகத் தேறிய பையனுக்கு இதில் இடமில்லை. அவனுக்குத்தானே பணம் அதிகம் தேவை? இது எனக்கு ஒப்பவில்லை.

விண்ணப்பம் தேசிய உதவித்தொகை இணையதளத்தில். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். விண்ணப்பித்ததோடு வேலை முடியாது. கல்லூரி அதைச் சரிபார்த்து மேலே அனுப்பவேண்டும். கடைசித் தேதிக்குள் அனுப்பினார்களா என்று அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே இருங்கள். கூச்சப்பட்டால் போயிற்று.

எங்களை இழுத்தடித்தது வங்கிதான். கணக்கில் ஆதார் எண்ணைச் சேர்ப்பது ஒன்று; அரசுப் பணம் ஆதார் வழியே அந்தக் கணக்கில் வந்து விழும்படி இணைப்பது (என்.பி.சி.ஐ. இணைப்பு என்பார்கள்) வேறு. முதலாவதை மட்டும் செய்துவிட்டு, “எல்லாம் ஆயிற்று, போம்மா” என்று அனுப்பிவிட்டார்கள். பணம் வரவில்லை. மகள் திரும்பப் போய், “என்.பி.சி.ஐ. இணைப்பு இருக்கிறதா சார்? பார்த்துச் சொல்லுங்கள், நான் நிற்கிறேன்” என்று கவுன்டரை விட்டு நகரவில்லை. பார்த்தார்கள், இல்லை. அங்கேயே படிவம் வாங்கி எழுதிக் கொடுத்தாள். அதன் பிறகுதான் பணம் வந்தது.

வந்த பணம் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவவில்லை. கட்டணம் ஜூனிலேயே கட்டியாகிவிட்டது. அதற்கு வட்டிக்கு வாங்கினேன். நல்ல கால்குலேட்டர், ரெக்கார்டு நோட்டுகள், பழைய புத்தகக் கடையில் இரண்டு ஒளியியல் புத்தகங்கள் என்று அவளே செலவு செய்தாள். ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கி வழியே தெரியும் நியூட்டன் வளையம் என்ற ஒளி வளையங்களை எண்ணி எண்ணிக் கண் வலிக்கிறது என்கிறாள். கண்ணாடி வாங்கவும் இதில்தான் எடுத்தாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாததால் போக்குவரத்துச் செலவு தப்பியது.

ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்: 50 சதவீத மதிப்பெண், 75 சதவீத வருகை. பிளஸ் டூவில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்த பிள்ளையென்றால் இதை விட்டுவிட்டு, அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசு தரும் ‘இன்ஸ்பயர்’ உதவித்தொகை பக்கம் போகலாம். ஆண்டுக்கு 80,000, அதில் 20,000 கோடைக்கால ஆய்வுக்கு. அங்கே வருமானம் கேட்பதில்லை.

கொடைக்குப் பஞ்சமில்லாத சீமை இது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சமும் கொடுத்ததால்தான் 1953இல் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு நிலையம் வந்தது. என் தங்கையின் படிப்புக்காக எங்கள் அப்பாவும் ஒரு பெரிய வீட்டு முகப்பில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஆச்சி கொடுத்தார்கள்; குறை சொல்லமாட்டேன். ஆனால் என் மகளுக்காக நான் எங்கும் நிற்கவில்லை. பணம் அவள் பெயரில், அவள் கணக்கில் வந்தது. 12,000 சின்னத் தொகைதான். இதற்காகவே அதற்கு ஒரு மதிப்பெண் கூட்டிப் போடுகிறேன்.

ஐந்துக்கு மூன்றரை. ஜூனுக்கு முன்பே பணம் கொடுத்தால் நாலரை.