காக்டீல் கிளிக் குஞ்சு ஆணா, பெண்ணா: நிறத்தை வைத்துப் பிரிப்பது எவ்வளவு கைகொடுக்கிறது?

பல ஈடுகளில் பயன்படுத்திப் பார்த்த பிறகும் இந்த முறைக்கே எங்கள் ஓட்டு. ஜோடியைச் சரியாகச் சேர்த்தால், குஞ்சு கண் திறக்கும் முன்பே ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும்.

லூட்டினோ (வெளிர் மஞ்சள், சிவப்புக் கண்), பேர்ல் (முத்துப் புள்ளி), சின்னமன் (பழுப்பு) மூன்றும், ஆண் பெண்ணைத் தீர்மானிக்கும் இசட் குரோமோசோமில் வரும் நிறங்கள். ஆணுக்கு இசட் இரண்டு, பெண்ணுக்கு ஒன்றுதான். அதுவும் தகப்பன் கொடுப்பது. ஆகவே லூட்டினோ ஆணோடு சாம்பல் பெண்ணைச் சேர்த்தால் பெண் குஞ்சு எல்லாம் லூட்டினோ. ஆண் குஞ்சு எல்லாம் லூட்டினோவுக்கு ஸ்ப்ளிட்டான சாம்பல், அதாவது லூட்டினோ மரபணு ஒன்று வெளியே தெரியாமல் உள்ளே இருக்கும். பொரித்தவுடன் மூடிய இமையைப் பாருங்கள். லூட்டினோவுக்கு உள்ளே சிவப்பாகத் தெரியும், சாம்பலுக்குக் கருப்பாகத் தெரியும்.

ஜோடியைத் திருப்பிப் போட்டால் வேலைக்கு ஆகாது. சாம்பல் ஆண், லூட்டினோ பெண் என்றால் எல்லாமே சாம்பல் குஞ்சுதான். தாய் சாம்பலாக இருந்து தகப்பன் வெறும் ஸ்ப்ளிட் என்றால் லூட்டினோவாக வருவது நிச்சயம் பெண். சாம்பல் குஞ்சு எதுவாகவும் இருக்கலாம். பெண் பறவையை 'லூட்டினோவுக்கு ஸ்ப்ளிட்' என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள், அப்படி ஒன்று இருக்கவே முடியாது.

லூட்டினோவோடு லூட்டினோவைச் சேர்க்கவே வேண்டாம். பிரித்தறியும் வசதி போய்விடும். கொண்டைக்குப் பின்னால் விழும் சொட்டையும் தலைமுறைக்குத் தலைமுறை பெரிதாகும். அந்த இடத்தில் இறகு அடர்ந்த சாம்பல் துணைதான் நல்லது.

பேர்லில் ஒரு சிக்கல் உண்டு. ஆண் பேர்ல் முதல் இறகு உதிர்ப்பில், ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு மேல், முத்துப் புள்ளிகளைப் பெரும்பாலும் இழந்து சாம்பல் ஆண்போல மாறிவிடும். மரபில் அது பேர்ல்தான், அதன் பெண் குஞ்சுகள் எல்லாம் பேர்லாகவே வரும். காலில் வளையமும் அந்த எண்ணுக்கு நேரே தாய் தகப்பன் நிறமும் எழுதிவைக்காவிட்டால் இது யாருக்கும் தெரியாமல் போகும்.

பைடு (திட்டுத் திட்டான நிறம்), ஒயிட்ஃபேஸ் (வெள்ளை முகம்) இரண்டும் பாலினத்தோடு சம்பந்தமில்லாதவை. தாய் தகப்பன் இருவரிடமும் இருந்தால்தான் வெளியே தெரியும். வளர்ந்த பைடு பறவையிலும், பெண்ணுக்கு அடையாளமாகப் பார்க்கும் வால் அடிப்பக்கக் கோடுகளை நம்ப முடியாது. சாம்பலிலும் இளம் ஆணுக்கு அந்தக் கோடுகள் உண்டு என்பதால் உதிர்ப்புக்கு முன் முடிவு சொல்லாதீர்கள்.

மீதிக்கு டிஎன்ஏ பரிசோதனைதான். கூண்டில் உதிர்ந்து கிடக்கும் இறகு உதவாது. நெஞ்சிலிருந்து புதிதாகப் பிடுங்கிய சில இறகுகளை, அடிநுனியைத் தொடாமல், ஒரு பறவைக்கு ஒரு உறை என்று போட்டு வளைய எண்ணை உடனே எழுதிவிடுங்கள்.