சுங்கை சிப்புட் கடைத்தெருவில் மில்டூரா திராட்சை

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில், மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் மளிகைக் கடையில், 'மில்டூரா' என்று அச்சிட்ட ஆஸ்திரேலிய உலர்திராட்சை அரைக் கிலோ வாங்கினேன். வழக்கமான திராட்சையைவிட விலை ஏறக்குறைய இருமடங்கு. பாயசத்துக்காக நெய்யில் போட்டதும் ஒவ்வொன்றும் சிறு பந்தாக உப்பியது. காம்பில்லை, பல்லில் மண் நெறிபடவில்லை, இனிப்புக்கு அடியில் மெல்லிய புளிப்பும் இருந்தது. கேசரிக்கு மட்டும் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

விக்டோரியா மாநிலத்தின் வடமேற்கில், மர்ரே ஆற்றங்கரையில் உள்ள மில்டூராவில் சராசரி ஆண்டு மழை 300 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. கலிஃபோர்னியாவில் பாசனக் குடியேற்றங்களை அமைத்துப் பழகிய ஜார்ஜ், வில்லியம் சாஃபி என்னும் கனடா சகோதரர்கள், 1887இல் அங்கு வந்து, நீராவி இயந்திரங்களால் ஆற்று நீரை மேட்டுக்கு ஏற்றிக் கால்வாய்களில் ஓடவிட்டு அந்த ஊரை உண்டாக்கினார்கள். தண்ணீர் வந்தது, சந்தைதான் வரவில்லை. ரயில் இல்லை, ஆறு வற்றினால் படகும் இல்லை, பறித்த பழம் தொலைதூரச் சந்தையைச் சேர்வதற்குள் அழுகியது. 1895இல் சகோதரர்களின் நிறுவனம் நொடித்துப்போக, ஜார்ஜ் அமெரிக்கா திரும்பினார், வில்லியம் அங்கேயே தங்கிவிட்டார். அழுகாத பண்டமான உலர்பழத்தை நம்பி, ஒன்றுசேர்ந்து விற்கக் கற்றுக்கொண்ட விவசாயிகளுக்கு 1903இல் ரயிலும் வந்து சேர்ந்த பிறகே ஊர் நிமிர்ந்தது.

பறித்த திராட்சையைப் பொட்டாசியம் கார்பனேட்டும் எண்ணெயும் கலந்த நீரில் நனைத்தால் தோலின் மெழுகுப்பூச்சு இளகி, பழம் விரைவாகக் காயும். பொன்னிறமும் அதனால்தான் கிடைக்கிறது. பிறகு கம்பிவலை அடுக்குகளில் பரப்பி உலர்த்துவது அங்கே நெடுநாள் வழக்கம். எங்கள் தோட்டத்துப் புகைவீட்டில் வரிசையாகத் தொங்கிய ரப்பர் தகடுகள்தாம் என் கண்முன் வந்தன. ஒரு வேறுபாடு உண்டு: அங்கே காயவைத்தவருக்குச் சொந்த நிலம் இருந்தது, இங்கே பால் வெட்டியவருக்கு இல்லை. அந்தக் குறையைப் போக்கத்தான், நம் ஊர்க்காரரான துன் வீ.தி. சம்பந்தன், தோட்டத் தொழிலாளர்கள் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்காக, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். விவசாயிகள் சேர்ந்து விற்று நிமிர்ந்த ஊரின் சரக்கு என்பதால், கூடுதல் விலை எனக்கு உறுத்தவில்லை.

உறுத்தியது கடைக்காரரின் வேலை. இரண்டாம் முறை போனபோது பெரிய மூட்டையைப் பிரித்து, தேதியில்லாத பிளாஸ்டிக் பைகளில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருந்தார். நம் ஊர் ஈரக்காற்றில் பழம் ஒட்டிக் கட்டியாகியிருந்தது. முத்திரை பிரியாத பொட்டலம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.