செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார்: யாரிடம் வாங்கினால் எதில் ஏமாறலாம்?

பழைய மாருதியை ஏமாந்து வாங்கினால் ஒன்றிரண்டு மாதச் சம்பளத்தோடு தப்பிக்கலாம். பழைய போர்ஷேயை ஏமாந்து வாங்கினால், அந்த மாருதியின் விலைக்கு கியர்பாக்ஸ் பில் வரும். ஆகவே ‘நல்ல டீலர் யார்’ என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் நம்பிக்கை இல்லை. யாருக்கு எதை மறைத்தால் லாபம் என்று பார்ப்பதுதான் உதவும். இந்தியாவில் இந்த வகைக் கார்கள் பெரும்பாலும் நான்கு இடங்களில் கைமாறுகின்றன: கம்பெனியின் சர்ட்டிஃபைடு ஷோரூம், பல பிராண்டுகளை விற்கும் சொகுசுக் கார் கடை, கமிஷனுக்கு விற்றுத்தரும் கன்சல்டிங், நேரடி உரிமையாளர். நான்கு இடங்களிலும் பொய் உண்டு. ஆனால் ஒரே பொய் அல்ல.

கம்பெனி ஷோரூம்

போர்ஷே அப்ரூவ்டு, பிஎம்டபிள்யூ பிரீமியம் செலக்‌ஷன், ஆடி அப்ரூவ்டு பிளஸ் போன்றவை இந்த வகை. விலை மற்ற மூன்று இடங்களையும்விட அதிகம். அதற்குப் பதிலாக போர்ஷே 111 அம்சங்களைச் சோதித்து, குறைந்தது 12 மாத வாரன்டி தருகிறது. மீட்டரைக் குறைத்து வைக்கும் மோசடிக்கு இங்கே இடம் குறைவு. கம்பெனியின் சொந்த சர்வீஸ் பதிவே காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே பொய் நுழைவது வேறு வாசல் வழியாக. பலகை கம்பெனியுடையது, கடை உள்ளூர் முதலாளியுடையது. எக்ஸ்சேஞ்சில் வரும் எல்லாக் கார்களும் சோதனையில் தேறுவதில்லை. தேறாதவையும் அதே வளாகத்தில் நிற்கலாம், அதே விற்பனையாளர் காட்டலாம். ‘எங்களிடம் எல்லாமே சர்ட்டிஃபைடு’ என்ற வாய்ச்சொல் போதாது. நீங்கள் பார்க்கும் காரின் சேஸிஸ் எண் அச்சான சான்றிதழைக் கேளுங்கள். வாரன்டித் தாளில் எவை அடங்காது என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். பிரேக், டயர், கிளட்ச் போன்ற தேய்மானப் பொருள்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். ஸ்போர்ட்ஸ் காரில் பணத்தைத் தின்பவையும் அவைதான்.

சொகுசுக் கார் கடை

கண்ணாடிச் சுவர், வெள்ளை விளக்கு, வரிசையாக மஞ்சளும் சிவப்புமாகக் கார்கள். இவர்கள் சொந்தப் பணத்தைப் போட்டு வாங்கி வைத்திருப்பவர்கள். ஒவ்வொரு நாளும் வட்டி ஓடுகிறது. ‘இன்னொரு பார்ட்டி கிளம்பிவிட்டார், டோக்கன் அட்வான்ஸ் போட்டு வையுங்கள்’ என்ற அவசரம் அங்கிருந்து பிறக்கிறது. நேர்மையானவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். ஆனால் மறைக்க ஆசையும் வசதியும் ஒருசேர இருக்கும் இடம் இதுதான் என்பதால் அதிக நேரம் இங்கே செலவிட வேண்டும்.

முதலில் கிலோமீட்டர். மீட்டரில் தெரியும் எண்ணை மாற்றுவது எளிது. காரின் மற்ற கணினிகளில் பதிந்ததை எல்லாம் ஒன்றுபோல் மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. போர்ஷே போன்ற கார்களின் இன்ஜின் கணினி, இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது, வரம்பு மீறிய சுழற்சிக்கு எத்தனை முறை போனது என்றெல்லாம் குறித்து வைக்கும். கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்தால் அந்த அறிக்கை கிடைக்கும். மீட்டர் 24,000 கிலோமீட்டர் என்கிறது, இன்ஜின் 2,400 மணி நேரம் ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர். மாலை ஆறு மணி அண்ணா சாலையிலேயே காலம் முழுவதும் கழித்த கார் என்றால் ஒப்புக்கொள்ளலாம். இல்லையென்றால் கிளம்பலாம்.

அடுத்தது காரின் பின்னால் ஒட்டியிருக்கும் பெயர்ப் பட்டை. பிஎம்டபிள்யூவில் எம் ஸ்போர்ட் என்பது அலங்காரத் தொகுப்பு, எம்3 என்பது வேறு கார். மெர்சிடீஸில் ஏஎம்ஜி லைனுக்கும் ஏஎம்ஜிக்கும் அதே தூரம். பின்கதவில் ஒட்டும் எழுத்துக்குச் சில நூறு ரூபாய்தான் செலவு. போர்ஷேயில் மஞ்சள் நிற பிரேக் கேலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) என்றால் செராமிக் பிரேக் என்று பொருள். அதன் டிஸ்க்குகளை மாற்ற லட்சங்களில் செலவாகும். சாதாரண இரும்பு டிஸ்க் காரில் கேலிப்பருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து நிறுத்தினால் பார்ப்பவர் ஏமாறுவார். சேஸிஸ் எண்ணை வைத்து, தொழிற்சாலையிலிருந்து கார் என்னென்னவோடு வெளிவந்தது என்ற பட்டியலைக் கம்பெனியிடம் கேட்டுவிட்டால் இந்த விளையாட்டு முடிந்துவிடும்.

மூன்றாவது, விபத்தும் வெள்ளமும். பெயின்ட் தடிமனை அளக்கும் சிறு கருவியை யாரும் வாங்கலாம். தொழிற்சாலைப் பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஒரு கதவு மட்டும் 300 என்றால் மறுபெயின்ட். ஆயிரத்தைத் தொட்டால் உள்ளே பட்டி பூசியிருக்கிறது. மறுபெயின்ட் என்பதே குற்றமல்ல, நம் ஊர்ச் சாலைகளில் கீறல் படாத கார் ஏது? கூரையும் அதைத் தாங்கும் தூண்களும் அப்படி அளவு காட்டினால்தான் பயப்பட வேண்டும். வெள்ளம் இன்னும் மோசம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. காப்பீட்டு நிறுவனம் முழு இழப்பாகத் தீர்த்த கார் ஏலத்துக்குப் போய், சரிசெய்யப்பட்டு, வேறு ஊரில் பளபளப்பாக நிற்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கே தங்கியிருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு, கம்பளத்துக்கு அடியில் ஈர வாடை, வயர் இணைப்புகளில் பச்சைப் படிவு ஆகியவையும் சாட்சிகள். காப்பீட்டு நிறுவனத்திடம் பழைய கிளைம் விவரத்தைக் கேட்டு வாங்கித்தரச் சொல்லுங்கள். தயங்கினால் காரணம் இருக்கும்.

நான்காவது, இறக்குமதிக் காகிதம். பலர் தவறவிடுவது இதைத்தான். 2016இல் ஃபோர்டு இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கத் தொடங்கிய மஸ்டாங், ஆட்டோமேட்டிக் கியர் கொண்ட 5 லிட்டர் வி8 ஜிடி. மேற்கூரை திறக்கும் மஸ்டாங்கையோ மேனுவல் மஸ்டாங்கையோ யாராவது காட்டினால், அது தனிப்பட்ட முறையில் வந்த கார். சுங்கத்துறையின் இறக்குமதி ஆவணம் அசலாக இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் தரக்கூடாது. 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத்துறை ‘ஆபரேஷன் நும்கோர்’ என்ற பெயரில் கேரளம் முழுவதும் சோதனை நடத்தியது. பூடான் வழியாகக் கடத்தி, போலி ஆவணங்களால் வட மாநிலங்களில் பதிவு செய்யப்பட்டவை என்று சந்தேகிக்கப்பட்ட சொகுசுக் கார்கள் பறிமுதல் செய்யப்பட்டன. அப்படிப்பட்ட காரை நல்லெண்ணத்தோடு வாங்கியவர் வீட்டு வாசலிலும் அதிகாரிகள் வந்து நிற்பார்கள்.

கன்சல்டிங்

இங்கே கார் அவர்களுடையதல்ல. உரிமையாளர் கொண்டுவந்து நிறுத்துகிறார், விற்றால் கமிஷன். பொய் சொல்ல வேண்டிய தேவைகூட இவர்களுக்கு இல்லை. ‘ஓனர் அப்படித்தான் சொன்னார்’ என்ற ஒரு வாக்கியம் போதும். கடைக்காரராவது கல்லாவில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும், இவருக்கு அந்தக் கட்டாயமும் இல்லை.

பெரிய ஆபத்து, கையெழுத்து மட்டும் போட்டு வைத்த வெற்றுப் படிவங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் உரிமையாளரின் கையெழுத்து இருக்கும், வாங்குபவர் பெயர் காலியாக இருக்கும். இடையில் இரண்டு மூன்று கை மாறியிருந்தாலும் ஆர்.சி.யில் சிங்கிள் ஓனர் என்றே தெரியும். இதைத் தடுக்கத்தான் 2023 ஏப்ரல் 1 முதல் புதிய விதி வந்தது. பழைய வாகனம் விற்கும் டீலர் ஆர்டிஓவின் அங்கீகாரச் சான்று பெற வேண்டும், கார் தன் கைக்கு வந்ததை இணையவழியில் தெரிவிக்க வேண்டும், அதன்பின் சட்டத்தின் பார்வையில் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். சிரித்து மழுப்பினால் அவர் புரோக்கர், டீலர் அல்ல. நான்கு வழிகளில் நான் கடைசியாக வைப்பது இதைத்தான். விலை குறைவாகத் தெரிவதற்குக் காரணம், பொறுப்பு அந்த விலையில் சேரவில்லை என்பதே.

வெளிமாநிலக் கார்களும் இங்கேதான் அதிகம் வருகின்றன. டெல்லியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்கு உள்ள கட்டுப்பாட்டால் வயதான ஸ்போர்ட்ஸ் கார்கள் அங்கே மலிவு. 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால் பதிவை மாற்ற வேண்டும். பழைய ஆர்டிஓவின் தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.) ஆயுள் வரியும் சேர்ந்தால் மலிவு எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். புதுச்சேரிப் பதிவு என்றால், முதல் உரிமையாளர் உண்மையிலேயே அங்கே வசித்தவரா என்று பாருங்கள். வரியைக் குறைக்கப் போலி முகவரி கொடுத்த வழக்குகள் 2017இல் கேரளத்தில் பெரிதாக வெடித்தன.

நேரடி உரிமையாளர்

வாரன்டி இல்லை. பின்னால் சண்டை போட ஷோரூமும் இல்லை. ஆனாலும் காரை யார் ஓட்டினார், எங்கே நிறுத்தினார், எந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டார் என்று நேரில் கேட்கலாம். பெயர் மாற்றத்தில் உரிமையாளருக்கும் அக்கறை இருக்கும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இவர் மறைக்கக்கூடியது கடன். வாகனப் பதிவைக் காட்டும் அரசின் பரிவாகன் தளத்தில் வங்கியின் பெயர் இன்னும் இருந்தால், வங்கிக் கடிதமும் கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35உம் கைக்கு வந்த பிறகுதான் பேச்சு. மிச்சக் கடனை நீங்களே நேராக வங்கிக் கணக்கில் கட்டுவது பாதுகாப்பு. ‘பாதியை ரொக்கமாகக் கொடுங்கள்’ என்பவரிடம் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்கிறது வருமான வரிச் சட்டம். அபராதம் ரொக்கத்தைப் பெறுபவருக்குத்தான், ஆனால் பிரச்சினை வந்தால் கொடுத்ததற்கு ஆதாரம் இல்லாமல் நிற்பது நீங்கள்.

ஏழெட்டு வயதுக்குள் இருக்கும் போர்ஷே என்றால் நான் கம்பெனி ஷோரூமுக்கே போவேன், அதிக விலையை வாரன்டிக்கான கட்டணமாக எண்ணிக்கொள்வேன். மஸ்டாங் என்றால் நேரடி உரிமையாளர்தான். ஃபோர்டு 2021இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது, சர்ட்டிஃபைடு வழியை அங்கே எதிர்பார்க்க முடியாது. சொகுசுக் கார் கடைக்குப் போவதானால் இரண்டு நிபந்தனைகள்: உங்கள் செலவில், நீங்கள் தேர்ந்தெடுத்த ஒர்க்‌ஷாப்பில் சோதனை. கிலோமீட்டர், விபத்து, வெள்ளம் மூன்றையும் பற்றிச் சொன்னது பில்லிலேயே எழுத்தில். எழுத்தில் இருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் காட்ட ஏதாவது இருக்கும். இரண்டுக்கும் ஒப்புக்கொண்ட பிறகு டோக்கன் கொடுங்கள், அதையும் ‘சோதனையில் தேறாவிட்டால் திருப்பித் தரப்படும்’ என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு.