கல்லடியில் பழைய காருக்கு ஒரு கராஜ்: சில மாரிகள் கண்டபின்

கராஜ் என்றால் மழை வெயில் படாமல் காரை விடுகிற இடம் என்றுதான் பொதுவாக நினைப்பது. மட்டக்களப்புக் கல்லடி போல கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற ஊரில் மழையைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை. மழையில் நனைந்த கார் வெயில் வந்தால் காய்ந்துவிடும். உப்பு படிந்த இரும்புதான் காயாது. உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கார் பார்வைக்குக் காய்ந்திருக்கும், மட்காட்டுக்குள்ளே விரலை விட்டால் பிசுபிசுக்கும்.

2019 இல் வீட்டு வளவுக்குள் இரண்டு பழைய கார்களுக்காக ஒரு கராஜ் கட்டினேன். ஒன்று அறுபதுகளில் வந்த மொறிஸ் மைனர் 1000, மற்றது ஃபொக்ஸ்வாகன் பீட்டில். இரண்டையும் தினம் ஓடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே கழற்றி, நானே பூட்டி, சந்தோசப்படுகிற கார்கள். இது கட்டிய கதை இல்லை. அதற்குப் பிறகு கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி, 2024 நவம்பர் அடைமழை எல்லாம் பார்த்துவிட்டு, எதற்குக் கொடுத்த காசு காசாக இருந்தது, எது வேலைக்கு உதவவில்லை என்று சொல்வதுதான் நோக்கம்.

முதலில் திசை. என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் பெரிசு, இதற்குச் செலவும் கிடையாது. எங்கள் பக்கம் உப்பு கிழக்கே கடலில் இருந்து வருகிறது. மாரி மழையை வாடைக்காற்று வடகிழக்கில் இருந்து கொண்டுவருகிறது. மேற்கில் இருந்து வருவது கச்சான். வைகாசி பிறந்தால் ஆவணி வரைக்கும் தரைப்பக்கமாகச் சுட்டுக்கொண்டு வீசும். மனிசருக்கு அது எரிச்சல்தான், ஆனால் இரும்புக்கு அதைப் போல நல்ல காற்று இல்லை. இரவிலும் தரையில் இருந்து கடலை நோக்கித்தான் மெல்லிய காற்று போகும். ஆகவே கிழக்குச் சுவரையும் வடக்குச் சுவரையும் அடியில் இருந்து கூரை வரை ஒரு துவாரம் இல்லாமல் கட்டி இரண்டு பக்கமும் பூசினேன். மேற்குச் சுவரில் தரையில் இருந்து ஓர் அடி உயரத்தில் ஒரு வரிசையும் கூரைக்குக் கீழே ஒரு வரிசையும் துளை வைத்த சீமெந்துக் கல். தெற்கே கதவு. மேற்கில் தாழ்வாரம் மூன்றடி நீட்டி விட்டிருக்கிறது, சாரல் உள்ளே வராது.

இது உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை செய்தேன். கழித்துப் போட்ட இரண்டு பிரேக் டிரம்மை எமெரித் தாளால் வெள்ளி போல வரும்வரை தேய்த்து, ஒன்றை வீட்டுப் போர்ட்டிகோவிலும் ஒன்றைக் கராஜுக்குள்ளும் வைத்தேன். போர்ட்டிகோவில் இருந்தது அடுத்த நாள் காலையிலேயே செம்மண் நிறத்துக்கு மாறத் தொடங்கியது. உள்ளே இருந்தது கச்சான் முடியும்வரை ஓரளவு பளபளப்பாகவே கிடந்தது. மாரி வந்தபோது அதுவும் தப்பவில்லை, ஆனால் மெல்லத்தான் பிடித்தது.

பட்டணப் பக்கம் இருக்கிற நண்பர் ஒருவர் இதற்கு நேர்மாறாகச் செய்தார். இங்கிலாந்து, ஜெர்மனிக்காரர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்து, காற்றே புகாத பெட்டி போல ஒரு கராஜ் கட்டி ஏசி போட்டார். கரண்ட் இருந்தவரை அருமை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்ததே, அப்போது அந்த அறைக்குள் ஈரம் அடைபட்டு சீட்டு, கூரைத் துணி எல்லாம் பூஞ்சணம் பிடித்துவிட்டது. குளிர் நாட்டில் சூட்டை உள்ளே வைத்திருக்கத்தான் கராஜை இறுக்கி மூடுகிறார்கள். நமக்கு அந்தத் தேவையே இல்லை.

அடுத்தது தரை. காருக்கு அடியில் இறங்கி வேலை செய்ய ஒரு குழி வேண்டும் என்று எனக்கு ஆசை. மேசன் அண்ணன் வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "குழி தோண்டினா மார்கழியில மீன் வளக்கலாம் தம்பி, கார் பாக்க ஏலாது" என்றார். அவர் சொன்னது சரி. எங்கள் மணல் நிலத்தில் மாரிக்குக் கிணற்றுத் தண்ணீர் தரைக்குக் கிட்ட வந்து நிற்கும். கொங்கிறீட் குழி கட்டி ஊறாமல் பூசினாலும் கீழிருந்து தண்ணீர் அதைத் தூக்கப் பார்க்கும், வெறும் தொட்டியை மிதக்கவிடுகிற அதே விசைதான். இன்னொன்றும் இருக்கிறது. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. குழிக்குள் இறங்கித் தங்கிவிடும். உள்ளே ஒரு கைவிளக்கின் பொறி போதும்.

குழிக்குப் பதிலாகத் தரையை உயர்த்தினோம். ரோட்டு மட்டத்தில் இருந்து ஒன்றரை அடி. கிறவல் போட்டு, ஆறு அங்குலத்துக்கு ஒரு தரம் தண்ணீர் விட்டு இறுக்கி, அதன்மேல் தடித்த பொலித்தீன் விரித்து, பிஆர்சி கம்பி வலை வைத்து ஐந்து அங்குலக் கொங்கிறீட். அந்தப் பொலித்தீனை "இதெல்லாம் எதுக்கு, வீணாச் செலவு" என்று பலர் சொன்னார்கள். நான் விடவில்லை. கொங்கிறீட் பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் மண்ணின் ஈரத்தை மேலே உறிஞ்சும். பொலித்தீன் இல்லாத தரையில் மாரிக்காலம் ஒரு காட்போட் பெட்டியை வைத்து அடுத்த நாள் தூக்கிப் பாருங்கள், அடி நனைந்திருக்கும். அந்த ஈரம் நேரே காரின் வயிற்றுக்குத்தான் போகும். கொட்டிய பிறகு பாத்தி கட்டி ஒரு வாரம் தண்ணீர் நிறுத்தினோம். கதவுப் பக்கம் லேசான சரிவு. 2024 நவம்பரில் எங்கள் ஒழுங்கை முழங்கால் தண்ணீரில் கிடந்தபோதும் கராஜுக்குள் ஒரு சொட்டு வரவில்லை.

தரைக்கு அடித்த எபொக்சி பெயின்ட் மட்டும் ஏமாற்றம். டயர் நிற்கிற நாலு இடத்திலும் தோல் மாதிரி உரிந்து வந்துவிட்டது. ஓடிவிட்டு வந்து சூட்டோடு டயரை நிறுத்தினால் அது பெயின்டைக் கவ்விக்கொள்கிறது. இப்போது வெறும் கொங்கிறீட்தான், ஒயில் சிந்தினால் மரத்தூள் போட்டுக் கூட்டிவிடுகிறேன். ஒன்றும் குறைந்து போகவில்லை.

அளவு விசயத்தில் ஒரு சின்ன யோசனை எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. மைனர் நீளம் பன்னிரண்டு அடி நாலு அங்குலம், பீட்டில் அதைவிட ஓர் அடி கூட. அகலம் இரண்டுக்கும் ஐந்தடிதான். இந்தக் கணக்குப் பார்த்தால் பதினைந்துக்குப் பதினாறு போதும் போல இருக்கும். நிறுத்துவதற்குப் போதும், வேலை செய்ய ஏலாது. கதவைத் திறந்து ஆள் இறங்க வேண்டும், ஜக்கின் கைபிடி பக்கவாட்டில் நீட்ட வேண்டும், மேசை வேண்டும். உள்ளளவு இருபதுக்கு இருபத்துநாலு எடுத்தேன். மைனரை ரிவேசில் விடுகிறேன், பீட்டிலை நேரே விடுகிறேன். மைனரின் எஞ்சின் முன்னே, பீட்டிலின் எஞ்சின் பின்னே. ஆக இரண்டு எஞ்சினும் கதவை நோக்கி, வெளிச்சத்தில் நிற்கும். பீட்டில் எஞ்சினை மேலே தூக்கி எடுப்பதில்லை, காரின் பின்பக்கத்தை உயர்த்தி, எஞ்சினைக் கீழே இறக்கிப் பின்னால் இழுத்து எடுக்க வேண்டும். கதவுப் பக்கம் வெட்டவெளி இருப்பதால் அந்த வேலைக்கு நெருக்கடியே இல்லை.

கூரையில் ஓடா தகடா என்பது வீட்டில் நீண்ட நாள் ஓடிய வழக்கு. 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்கள் இருக்கிற வீட்டில் கூரை பற்றிப் பேசினால் எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கும். ஓடு வெக்கையை விடாது, இடுக்கால் காற்றும் போகும். எனக்கும் விருப்பம் ஓடுதான். ஆனால் இருபதடி அகலத்துக்கு நடுவில் தூண் இல்லாமல் ஓட்டின் பாரத்தைத் தாங்கும் மரம் வாங்கினால் கராஜ் காசு முழுக்க அதற்கே போய்விடும். கடைசியில் இரும்புச் சட்டத்தில் நிறத்தகடு. சட்டத்தைச் சுவரின் மேல் சுற்றி ஓடுகிற வளையக் கொங்கிறீட்டோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறது. தகட்டுக்குக் கீழே வெள்ளிநிறப் பஞ்சுத்தாள் விரித்தோம், பகல் வெக்கைக்கும், தை மாதத்து விடியற்காலையில் தகட்டின் அடியில் பனி வேர்த்துக் காரில் சொட்டாமல் இருக்கவும். முதல் இரண்டு வருடம் அது நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஓரங்களில் பசை விட்டுத் தொங்கத் தொடங்கியது, எலி அதற்குள் கூடு வைத்தது. வெளிச்சத்துக்குப் போட்ட இரண்டு கண்ணாடி மாதிரித் தகடுகளும் மஞ்சளாகிவிட்டன. ஆனாலும் 2022 மின்வெட்டுக் காலத்தில் பகலில் வேலை நடந்தது அந்த இரண்டு தகட்டால்தான், அதனால் திட்ட மனம் வரவில்லை. இரும்புச் சட்டம் வெட்டி வெல்டிங் செய்த இடங்களில்தான் முதலில் துரு வருகிறது. அந்த இடத்துக்கெல்லாம் துத்தநாகப் பெயின்ட் தனியாக அடித்த பக்கம் இன்னும் சுத்தமாக இருக்கிறது.

எலி என்றதும் ஒரு வேண்டுகோள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் செய்கிற சொந்தக்காரர் இருந்தால், கராஜ் கட்டிய அடுத்த போகமே "மச்சான், நெல்லு மூட்டை கொஞ்சம் வெச்சுக் குடு, ஒரு மாதந்தான்" என்று வருவார்கள். மறுக்கவும் முடியாது. வீட்டு விறாந்தையில் வைத்துக் கொடுங்கள், கராஜுக்குள் வேண்டாம். நெல்லுக்கு வருகிற எலி நெல்லோடு நிற்பதில்லை. மைனரின் பழைய வயர்களுக்கு மேலே துணிதான் சுற்றியிருக்கும். எலிக்கு அது கூடு கட்டுகிற பஞ்சு. டாஷ்போட்டுக்குப் பின்னால் தலைகீழாகக் கிடந்து அந்த வயர்களை ஒவ்வொன்றாக மாற்றிய ஞாயிறுகள் எனக்குத்தான் தெரியும்.

கதவு ரோலர் ஷட்டர். பார்வைக்கு அழகு, இடம் அடைக்காது, காற்றுக்கு அடிபடாது. ஆனால் கடற்கரை ஊரில் அதற்கு ஆயுள் குறைவு. கீழ்ப்பட்டி முதலில் துருப்பிடித்தது, பிறகு பூட்டு இறுகியது. மாதத்துக்கு ஒரு தரம் நல்ல தண்ணீரால் கழுவி, ஓடுகிற தண்டவாளத்தில் மெழுகு தேய்த்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கிறீஸ் பூசினால் மணல் ஒட்டிக்கொண்டு இன்னும் மோசமாகும்.

கரண்ட் வேலையில் பிளக் எல்லாவற்றையும் தரையில் இருந்து நாலடி உயரத்தில் வைத்தேன், வயரைக் கூரையில் இருந்து கீழே இறக்கினேன். வெள்ளத்துக்காகச் செய்தது, பெற்றோல் ஆவிக்கும் அதுவே பாதுகாப்பு, ஏனென்றால் அந்த ஆவி தரையோடுதான் கிடக்கும். மேற்குச் சுவரின் கீழ்வரிசைத் துளைகளும் அதை வெளியே விடுகின்றன. 2022 இல் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல் என்று கியூஆர் கோட்டா வந்த காலத்தில், "உன்னட்டப் பெரிய கராஜ் இருக்குதானே, ஒரு கான் வைப்பம்" என்று கேட்டவர்கள் பலர். பிள்ளைகள் ஓடித்திரிகிற வளவு, யாருக்கும் விடவில்லை.

குழி இல்லாததற்கு இரண்டு இரும்புச் சாய்தளமும் நாலு ஸ்டாண்டும் வைத்திருக்கிறேன். சுவரைப் பன்னிரண்டு அடி உயர்த்தியதும், ஒரு பகுதியில் மட்டும் கொங்கிறீட்டைத் தடிப்பாகப் போட்டதும் பிறகு காரைத் தூக்குகிற இரண்டு கால் லிஃப்ட் ஒன்று பூட்டலாம் என்றுதான். சீமெந்து மூட்டை ஆயிரம் ரூபாய் அளவில் இருந்தபோது போட்ட திட்டம் அது. 2022 இல் அதே மூட்டை மூவாயிரத்தைத் தொட்டது. லிஃப்ட்டின் விலையை நான் விசாரிப்பதையே விட்டுவிட்டேன். இடம் மட்டும் காத்துக்கொண்டிருக்கிறது, மனைவி அங்கே உடுப்புக் காயவைக்கிற கொடி கட்டியிருக்கிறார்.

காருக்கு உறை போடுவதாக இருந்தால் பழைய பருத்தி பெட்ஷீட் போதும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். நிறுத்தி வைக்கும்போது ஹான்ட்பிரேக் இழுக்காமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், இழுத்தபடி மாரி கழிந்தால் பிரேக் டிரம்மோடு ஒட்டிப்போகும். புரட்டாசியில் காருக்கு அடியில் ஒரு தரம் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிறகு மெழுகுப் பூச்சு.

கட்டுவதற்கு முன் உள்ளூராட்சி சபையில் வரைபட அனுமதி எடுங்கள். கடற்கரையில் இருந்து 300 மீற்றருக்குள் வளவு இருந்தால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். இதை வைத்துத்தான் பலருடைய வேலை பாதியில் நிற்கிறது.

நான் சொன்ன திசைக்கணக்கு காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று கரையோரமாக இருப்பவர்களுக்குப் பொருந்தும். அம்பாறைப் பட்டணம் போல உள்ளே இருப்பவர்கள் அப்படியே எடுக்க வேண்டாம். அங்கே உப்பு இல்லை, கச்சான் தூசியைத்தான் வாரிக்கொண்டு வருகிறது. அங்கே மேட்டு வளவில் கராஜ் கட்டிய என் நண்பர் மேற்குத் துளைகளை நுளம்பு வலை போட்டு மூடிவிட்டார், அவருடைய தரையில் குழியும் இருக்கிறது. பக்கத்து வயலுக்கு வாய்க்காலில் தண்ணீர் விடுகிற காலத்தில் மட்டும் அடியில் கொஞ்சம் ஊறும், வாளியால் இறைத்துவிட்டு இறங்குகிறார்.